கருவி யார் கையில்? குரல் யாருடையது?

(கிளைச் செயலாளர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொழில்நுட்பமும் மக்களின் அன்றாட வாழ்வும் என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இது நிபுணர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே, கட்சிக் கிளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். உங்கள் கிளைகளுக்கு மக்கள் கொண்டுவரும் முறையீடுகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை பதியவில்லை. செய்த வேலைக்கான கூலி வேறு யாருடைய வங்கிக் கணக்கிலோ ஏறிவிட்டது. முதியோர் ஓய்வூதியம் நின்றுவிட்டது, ஏன் என்று சொல்ல அலுவலகத்தில் ஆளில்லை. உணவு விநியோகம் செய்யும் இளைஞரின் கணக்கைச் செயலி முடக்கிவிட்டது, காரணம் கேட்டால் பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்கிறது. முன்பு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்ற மக்கள் இன்று இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார்கள். மேசையை முற்றுகையிட நமக்குத் தெரியும். இயந்திரத்தை எப்படி எதிர்கொள்வது என்பதே இன்றைய வகுப்பின் கேள்வி.

எந்தக் கருவி வந்தாலும் நாம் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். அது யாருக்குச் சொந்தம்? அதை இயக்கும் விதிகளை வகுப்பவர் யார்? அது பழுதுபடும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது? இந்த மூன்றையும் மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இயந்திரமும் மூலதனமும்

இடதுசாரிகள் கணினியை எதிர்த்தவர்கள் என்ற ஏளனம் இன்றும் தொலைக்காட்சி விவாதங்களில் ஒலிக்கிறது. வரலாற்றைத் தெரிந்துகொண்டு பதில் சொல்வோம். 1960களில் எல்ஐசி நிறுவனம் கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் அலுவலகத்தில் கணினியை நிறுவ முற்பட்டபோது, இன்சூரன்ஸ் ஊழியர்கள் இரவும் பகலும் காவலிருந்து எதிர்த்தார்கள். வேலையின்மை தலைவிரித்தாடிய காலம் அது. இயந்திரம் வந்தால் எத்தனை வேலைகள் போகும், மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும் என்பதே அவர்கள் கேட்டது. பின்னர் 1983இல் வங்கித் துறையில் கணினிமயம் குறித்து நிர்வாகங்களும் சங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. எந்த வேலைக்கு இயந்திரம், எத்தனை இயந்திரம் என்பதெல்லாம் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. தொழிலாளி கேள்வி கேட்டதால்தான் அவை அங்கு வந்தன.

இயந்திரம் வேறு, மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்ற வேறுபாட்டைத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டது என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்குகிறார். தறியை உடைப்பதிலிருந்து, தறியின் உடைமையைக் கேள்விக்குள்ளாக்குவது வரையிலான பயணம் அது. செயலிக்கும் இயற்கை நுண்ணறிவுக்கு மாற்றாகச் சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே வேறுபாடு பொருந்தும்.

தந்திக் கம்பியிலிருந்து அலைக்கற்றை வரை

தகவல் தொடர்பை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் தந்திக் கம்பி கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவைக்காக நாட்டப்பட்டது. 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனை முறையில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் பரவியது. 1857 எழுச்சியின்போது ஆங்கிலேயருக்குப் பெரும் துணையாக நின்ற கருவிகளில் அதுவும் ஒன்று. கலகக்காரர்கள் பல இடங்களில் கம்பிகளை அறுத்தது காரணமின்றி அல்ல. ஆனால் மார்க்ஸ் 1853இலேயே இதன் மறுபக்கத்தையும் கண்டார். தந்தியும் ரயிலும் இந்திய மக்களை ஒன்றிணைக்கும் பொருளாயத அடித்தளத்தை இடும், ஆயினும் அந்நிய நுகத்தடியைத் தூக்கியெறியும் வரை அவற்றின் பலனை அம்மக்கள் அறுவடை செய்ய முடியாது என்று எழுதினார்.

அது அப்படியே நடந்தது. 1908இல் தந்தி ஊழியர்கள் இந்தியாவிலும் பர்மாவிலும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆட்சியாளர்களின் கம்பி வழியாகவே ஊருக்கு ஊர் செய்தி அனுப்பி ஒருங்கிணைந்தார்கள். 1946 ஜூலையில் அஞ்சல், தந்தி ஊழியர்களின் போராட்டம் நாட்டையே உலுக்கியது. அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 29 அன்று கல்கத்தா நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கருவியை இயக்கும் கரங்கள் ஒன்றுசேர்ந்தால் கருவியின் திசை மாறும் என்பதற்கு இது நம் சொந்த வரலாற்றுச் சான்று.

விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொலைபேசி என்பது வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. அதை மாற்றியதில் பொதுத்துறை ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1984இல் அமைக்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிர்சாதன அறை இல்லாமலே நம் கிராமத்து வெயிலையும் தூசியையும் தாங்கி இயங்கும் சிறிய தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தார்கள். 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது இயங்கத் தொடங்கியது. தெருமுனைதோறும் எஸ்டிடி பூத்துகள் முளைத்தன. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அவை பிழைப்பும் தந்தன. நாட்டின் முதல் செல்பேசி அழைப்பை 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து பேசியவர் அன்றைய மேற்கு வங்க முதல்வர் தோழர் ஜோதிபாசு என்பதை, நம்மைக் கணினி விரோதிகள் என்போர் நினைவில் கொள்வது நல்லது.

அதன் பிறகு நடந்தது என்ன? தனியார் நிறுவனங்கள் 2012இல் 4ஜி சேவையைத் தொடங்கின. பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் நாடு தழுவிய 4ஜி சேவையைத் தொடங்க 2025 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 2020 ஜனவரி இறுதியில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் சுமார் 78,000 ஊழியர்கள் அந்நிறுவனத்திலிருந்து வெளியேறினார்கள். 2016இல் இலவசமாக வந்த சேவைகளைக் கண்டு மகிழ்ந்த மக்கள், போட்டியாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகு 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியதைக் கண்டார்கள். பொதுத்துறையைப் பட்டினி போட்டுவிட்டுச் சந்தையில் போட்டி என்று பேசுவது எத்தகைய மோசடி என்பதை விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

அலைக்கற்றை காற்றைப் போலப் பொதுச் சொத்து. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமே அவ்வாறு தீர்ப்பளித்தது. ஆயினும் தனியார் பண்பலை வானொலிகளும் சமுதாய வானொலிகளும் இன்றளவும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. பாட்டு ஒலிபரப்பலாம், விளம்பரம் ஒலிபரப்பலாம், தங்கள் ஊர் ஆலையில் ஏன் கதவடைப்பு என்று ஒலிபரப்ப முடியாது. மறுபுறம், அரசு நினைத்தால் இணையத்தையே துண்டிக்கிறது. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. துண்டிப்பு ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1885ஆம் ஆண்டின் காலனியத் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தையும் துண்டிக்கும் அதிகாரத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறது. வெள்ளையர் விட்டுச்சென்ற பூட்டுக்குப் புதிய சாவி செய்திருக்கிறார்கள்.

அதே வேளையில் மக்கள் வென்றதும் உண்டு. 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகத் தருவதாக வந்தபோது, நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால் அத்தகைய பாகுபாட்டுக் கட்டணங்களை டிராய் அமைப்பு 2016 பிப்ரவரியில் தடை செய்தது. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு இணையத்தைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்து, 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற பொதுத்துறைக் கண்ணாடி இழைக் கட்டமைப்பைத் தொடங்கியது. மாற்று சாத்தியம் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

ரேஷன் கடையில் ஒரு விரல்

இப்போது உயிர் போகும் இடத்துக்கு வருவோம். ரேஷன் கடையில் ஒரு மூதாட்டி அரிசி பெற வேண்டுமானால் மின்சாரம் இருக்க வேண்டும், இயந்திரம் இயங்க வேண்டும், சிக்னல் கிடைக்க வேண்டும், எங்கோ ஓரிடத்திலுள்ள சர்வர் பதில் சொல்ல வேண்டும், கடைசியாக அவருடைய விரல் ரேகை ஒத்துப்போக வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் பை வெறும் பைதான். செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் வயலிலும் தேய்ந்த விரல்கள் யாருடையவை? சாகும்வரை உழைத்தவரின் ரேகைதான் முதலில் அழிகிறது. உழைப்பே அவரைத் தகுதியற்றவராக்குகிறது. இந்த இயந்திரத்தின் வர்க்கத் தன்மையை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது, சோறு கேட்டுக்கொண்டே மகள் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகு, 2017 அக்டோபர் 24 அன்று ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. ஆதார் இல்லை என்பதற்காகவோ கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ எவருக்கும் தானியம் மறுக்கப்படக் கூடாது, அத்தகையோருக்கு வழங்கியதைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோழர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக் கடையில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோமா? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய தானியம் கிடைக்காவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமையை அளிக்கிறது. மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரையும் சமூகத் தணிக்கையையும் கட்டாயமாக்குகிறது. சட்டத்தில் உள்ள உரிமைக்கும் கடையின் வாசலுக்கும் இடையே அமைப்பு நின்றால்தான் தானியம் வீடு போய்ச் சேரும்.

வேலை உறுதித் திட்டத்திலும் இதுவே நடந்தது. 2023 ஜனவரி முதல் வேலையிடங்களில் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்த பெண்கள், படம் ஏறாததால் கூலி இழந்தார்கள். முறைகேட்டை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே தன் சுற்றறிக்கையில், தொடர்பில்லாத படங்களும் படத்தைப் படமெடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக ஒப்புக்கொண்டது. முறைகேடு செய்வோர் இயந்திரத்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். நேர்மையாக மண் சுமந்தவருக்குத்தான் சுமை கூடியது. முன்பு வருகைப் பதிவேட்டை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தால் எழுத்தறியாதவரும் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தார். சர்வரில் இருக்கும் கணக்கை யார் படித்துக் காட்டுவது? மக்களின் கண்காணிப்பு இருந்த இடத்தில், மக்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்து அமர்ந்துகொண்டது.

அரசின் வாதம் நமக்குத் தெரியும்: இடைத்தரகர் ஒழிந்தார், போலி அட்டைகள் ஒழிந்தன. போலிகள் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீக்கப்பட்டவர்களில் யார் போலி, யார் ஏழை என்று வீடு வீடாகச் சரிபார்த்த பின்னரே நீக்க வேண்டும் என்பதே நம் நிலை. சரிபார்க்கும் பொறுப்பு அரசுடையது. நிரூபிக்கும் பொறுப்பைப் பசித்தவர் மீது சுமத்தக் கூடாது.

பதிவான குரலின் கதை

மூன்றாவதாக, ஒலி. பொழுதுபோக்குக்குரிய செய்தி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 1902 நவம்பரில் லண்டனின் கிராமபோன் கம்பெனி அனுப்பிய பொறியாளர் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதைக் கேட்கலாம். பதிவுத் தகடுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறின. அங்கே இசைத்தட்டு அச்சிடுவோருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இங்கே குரல், அங்கே ஆலை, மீண்டும் இங்கே சந்தை. காலனியப் பருத்தி போன வழியிலேயே பாட்டும் போய் வந்தது.

அந்த இசைத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கால். பலாச, குசும்ப மரங்களில் அரக்குப் பூச்சியை வளர்த்து, கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்தவர்கள் சோட்டாநாகபுரிக் காடுகளின் ஆதிவாசி மக்கள். வினைல் வரும் வரை உலகின் இசைத்தட்டுகளுக்கு அரக்கு வழங்கியதில் முதலிடம் இந்தியாவுக்கே. ஐரோப்பாவின் வரவேற்பறைகளில் சுழன்ற இசை அவர்கள் உழைப்பின் மீது சுழன்றது. தட்டின் நடுவே ஒட்டிய தாளில் கம்பெனியின் பெயர் இருந்தது. ஆதிவாசியின் பெயருக்கு அங்கே இடமில்லை.

இதே கருவியைச் சோவியத் புரட்சி வேறு விதமாகக் கையாண்டது. செய்தித்தாள் எட்டாத, எழுத்தறிவு எட்டாத கிராமங்களுக்காக லெனின் 1919 முதல் 1921 வரை குறும் உரைகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். வானொலியை அவர் காகிதமும் தூரமும் தேவைப்படாத செய்தித்தாளாகக் கண்டு, உள்நாட்டுப் போரின் வறுமைக்கிடையிலும் அதற்கு நிதி ஒதுக்கினார்.

நம் நாட்டில் 1980களில் கேசட் வந்தது. அதுவரை ஒரே கம்பெனியின் பிடியிலிருந்த இசைச் சந்தை உடைந்தது. போஜ்புரி, கட்வாலி, ஹரியான்வி என்று கம்பெனிகள் கண்டுகொள்ளாத மொழிகளின் பாடல்களெல்லாம் ஒலிக்கத் தொடங்கின. போராட்டப் பாடல்களும் மலிவான நாடாக்களில் தொழிற்சங்க மேடைகளை அடைந்தன. ஆனால் 1990ஐ ஒட்டிய அயோத்தி இயக்கக் காலத்தில், வெறுப்பைக் கக்கிய பேச்சுகளும் அதே நாடாவில்தான் வட இந்தியச் சந்தைகளில் பரவின. கருவி மலிவாவதால் மட்டும் அது மக்களுடையதாகிவிடாது. வீடு வீடாக அதை யார் கொண்டு செல்கிறார் என்பதே முடிவு செய்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளின் காலத்துக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

நல்ல முன்னுதாரணங்களையும் காண்போம். இன்றைய தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் 2008 அக்டோபரில் தலித் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தொடங்கினார்கள். விதை, மழை, மருத்துவம், பாட்டு ஆகிய அனைத்தும் அவர்களுடைய வழக்கில், அவர்களுடைய குரலில் ஒலித்தன. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரண செல்பேசியையே செய்தி ஏடாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத கோண்டி மொழி பேசுவோரும் ஓர் எண்ணை அழைத்து, வராத கூலியையும் இயங்காத பள்ளியையும் தம் குரலில் பதிவு செய்தார்கள். மற்றவர்கள் அதைத் தொலைபேசியில் கேட்டு, அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்டார்கள்.

இன்று குரல் புதிய கச்சாப்பொருளாகிவிட்டது. கால் சென்டரில் "தரத்தை மேம்படுத்த இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்ற அறிவிப்பைக் கேட்கிறீர்கள். அந்தப் பதிவு அங்கே பணிபுரியும் பெண்ணின் வேகத்தையும் தொனியையும் அளக்கும் கோலாகிறது. இந்திய மொழிகளைப் பேசும் இயந்திரங்களை உருவாக்க, ஏழை மக்களின் பேச்சு மணிக்கணக்கில் பதிவு செய்யப்படுகிறது. பிரபலப் பின்னணிப் பாடகர் ஒருவர் தம் குரலை இயந்திரம் நகலெடுப்பதற்கு எதிராக 2024இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் தடை பெற முடிந்தது. கோண்டியோ சந்தாலியோ பேசும் விவசாயத் தொழிலாளியின் குரலுக்கு அந்தப் பாதுகாப்பை யார் பெற்றுத் தருவது? அரக்கு எடுத்தவர் அன்று பெயரின்றி மறைந்தார். இன்று குரல் கொடுப்பவரும் அவ்வாறே மறையலாமா? 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைப் பெற்றார்கள். பல ஆண்டுப் போராட்டத்தின் விளைவு அது. குரல் தரும் உழைப்பாளிக்கும் முன்கூட்டிய ஒப்புதல், நியாயமான ஊதியம், தொடர் பங்கு என்ற கோரிக்கையை நாம்தான் எழுப்ப வேண்டும்.

கிளைகளின் கடமை

முடிவாகச் சில நடைமுறைப் பணிகள். ஒன்று, உணவு, ஓய்வூதியம், கூலி, மருத்துவம் ஆகிய எந்தச் சேவையிலும் இயந்திரம் பழுதுபட்டால் அதே நாளில், அதே இடத்தில் கையெழுத்துப் பதிவேட்டின் மூலம் வழங்கும் மாற்று வழி சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். இதை உள்ளூர்க் கோரிக்கையாகத் தொடங்குங்கள். இரண்டு, எந்தச் செயலியும் ஒருவரின் பெயரை நீக்குமுன் எழுத்துப்பூர்வக் காரணமும் மேல்முறையீடும் தர வேண்டும். 2023இல் ராஜஸ்தான் செயலித் தொழிலாளர்களுக்கான நலச் சட்டம் இயற்றியது தொழிலாளர்கள் அமைப்பாகத் திரண்டதால்தான். மூன்று, பொதுத்துறைத் தொலைத்தொடர்பைக் காப்பது அதன் ஊழியர்களின் பிரச்சனை மட்டுமன்று, நம் அனைவரின் பிரச்சனை. நான்கு, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் தருகிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் சுருக்கியிருக்கிறது. பயனாளிகள் பட்டியலைக் கேட்டுப் பெறும் நம் வேலை இனிக் கடினமாகும் என்பதால் இதற்கெதிரான பிரச்சாரம் அவசரமானது. ஐந்து, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு இளம் தோழர்களாவது மக்களுக்கு விண்ணப்பம் செய்து தரவும் குறைகளைப் பதிவு செய்யவும் பயிற்சி பெற வேண்டும். சேவையோடு நின்றுவிடாமல், வருபவரைப் போராட்டத்துக்கு அழைத்து வருவதும் அவர்கள் பணி.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் பகுதியின் ஒரு ரேஷன் கடையில் சென்ற மாதம் வெறும் பையோடு திரும்பியவர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்ட காரணத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அரசின் சர்வரில் இல்லாத அந்தக் கணக்கு நம்மிடம் இருந்தால், மாவட்ட அலுவலகத்தின் முன் நாம் பேசும் பேச்சுக்கு வலு இருக்கும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.